உடம்பு ஆறுவதற்குள்

1

ஊரிலிருந்து யார் பேசினாலும் முதல் கேள்வி, "அங்குட்டு குளிரு எப்புடி?" என்பதுதான். கனடாவில் இருப்பவனிடம் வேறு என்ன கேட்பார்கள். நான் வேலை பார்ப்பதோ குளிர்பதனக் கிடங்கில். பட்டாணியும் சோளமும் கல்லாய் உறைந்து கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். வெளியே கிடக்கிற குளிர் போதாதென்று, சம்பளத்துக்காக உள்ளே இன்னொரு குளிரில் போய் நிற்கிறவன் நான்.

வேலை தொடங்குமுன் எங்களை வரிசையாக நிறுத்திக் கையைச் சுழற்று, முட்டியை மடக்கு, இடுப்பைத் திருப்பு என்பார்கள். சேர்ந்த புதிதில் இது ஏதோ தண்டனை என்று நினைத்தேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவனுக்கு வரிசையில் நிறுத்தினாலே அப்படித்தான் தோன்றும். பிறகு புரிந்தது. ஆறிக் கிடக்கிற உடம்போடு பெட்டியைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டால் கம்பெனிக்கு வழக்கு வரும். எங்கள் இடுப்பின் மேல் அவர்களுக்கு ஆசையெல்லாம் இல்லை. வழக்கின் மேல் பயம். பயத்தினால் செய்தாலும் செய்கிறார்களே, அது போதும் என்று நானும் கையைச் சுழற்றுகிறேன்.

இதை எழுதக் காரணம் என் இடுப்பு அல்ல, என் மகள் தேன்மொழியின் கால். நாங்கள் தேனு என்போம். பள்ளியில் அவளுக்கு வேறு ஏதோ சுருக்கப்பெயர் இருக்கிறது. என் வாயில் அது நுழையாது. பனித்தரையில் கத்தி வைத்த காலணியைப் போட்டுக்கொண்டு வட்டமாக ஓடுகிற வேகப் பந்தயம் அவளுடையது. கோடையில் அதே கூட்டத்தோடு சக்கரக் காலணி போட்டுத் தார்த்தரையில் ஓடுவாள். நான் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, அவள் ஒவ்வொரு வளைவில் சாயும்போதும் என் முட்டியை நானே பிடித்துக்கொண்டிருப்பேன். "ஏங்க, நீங்க பாக்க வராமலே இருந்தா என்ன" என்று என் மனைவி செல்வி கேட்பாள். வராமல் வீட்டில் இருந்தால் இதைவிட மோசமாக நினைப்பேன் என்பது அவளுக்கும் தெரியும்.

2

போன பனிக்காலத்தில் ஒரு போட்டி. விடியும்போதே பனி கொட்டி நெடுஞ்சாலை அடைபட்டுவிட்டது. நாங்கள் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். பலர் வரவே இல்லை. வராதவர்களைக் கழித்து ஓட்டங்களை ஒன்றாகச் சேர்த்து முன்னதாகவே தொடங்கிவிட்டார்கள். தேனு காரை விட்டு இறங்கி உள்ளே போன கையோடு அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். காலணியை மாட்டிக்கொண்டு நேராகக் களத்துக்குப் போனாள். முதல் வளைவிலேயே தொடையின் உள்பக்கம் தசை கிழிந்தது.

ஆஸ்பத்திரியில் "காலில் வலி" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். நமக்கு இடுப்புக்குக் கீழே எல்லாமே கால்தான். நர்சு கணுக்காலை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். தேனு பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்பா, நீ பேசாம இரு, நான் சொல்றேன்" என்றாள். அன்றிலிருந்து மருத்துவர், காப்பீடு, பள்ளி, எதுவானாலும் அவளே பேசி, அவளே நிரப்பிவிடுகிறாள். நான் கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைத்துக் காட்டுகிறாள். பிள்ளை நம்மை விட்டு விலகுவது ஒரே நாளில் நடப்பதில்லை. இப்படி ஒவ்வொரு பேச்சாக நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டு போவதுதான்.

அந்த வருடத் தேர்வு போயிற்று. மாகாண அணிக்கு ஆள் எடுக்கும் ஓட்டத்தை அவள் ஊன்றுகோலோடு உட்கார்ந்து பார்த்தாள். இன்னொரு தடவை அதே இடத்தில் கிழிந்தால் ஓட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவளுக்குப் பயிற்சி தரும் அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எனக்குப் புரியட்டும் என்று மெதுவாகச் சொன்னார்: "சாலையில் பனி கொட்டியது உடம்புக்குத் தெரியாது. ஓட்டம் போனால் போகட்டும். உடம்பைச் சூடாக்காமல் இனி இறக்காதீர்கள்."

அதன்பின் எனக்கும் தேனுவுக்கும் ஒரு ஒப்பந்தம். உடம்பு சூடாகவில்லை என்றால் ஓட்டம் இல்லை. யார் கூப்பிட்டாலும் இல்லை.

அவள் செய்வதைப் பார்த்துப் பார்த்து எனக்கே மனப்பாடம். முதலில் மெல்லிசாக வேர்க்கும் வரை மெதுவான ஓட்டம். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும், குறுக்கும் நெடுக்கும் வீசுவது. எட்டி வைத்து முட்டியை மடக்கி மடக்கி நடப்பது. குனிந்த நிலையிலேயே பக்கவாட்டில் தாவுவது. கடைசியாகச் சின்னச் சின்னப் பாய்ச்சல். தசையை இழுத்துப் பிடித்துக்கொண்டே நிற்கிற வேலையெல்லாம் ஓட்டம் முடிந்த பிறகுதான். காலணியை மாட்டுவதும் கடைசியில்தான். முன்னாலேயே மாட்டினால் கட்டிப்போட்ட மாதிரி உட்கார வேண்டி வரும், பாதம் மரத்துப்போகும். கூப்பிடத் தாமதமானால் உட்காரக் கூடாது. கோட்டைக் கழற்றக் கூடாது. அசைந்துகொண்டே இருக்க வேண்டும்.

இதில் ஒன்றுகூட எனக்குப் புதிதில்லை என்பதுதான் வேடிக்கை.

3

என் அண்ணன் கோட்டையூரில் இருக்கிறார். வயலும் ஒரு சிமெண்டுக் கடையும் உண்டு. ஆனால் சுற்றுவட்டாரத்தில் அவரைத் தெரிவது பந்தய மாட்டுக்காரராக. மாட்டுவண்டிப் பந்தயம் எங்கே நடந்தாலும் அண்ணன் ஜோடி வரும். நான் படிப்பை விட்டதே அந்த மாடுகளால்தான். விடியற்காலையில் மாட்டை நடைக்கு ஓட்டிப் போய், கண்மாயில் நீந்த விட்டு, கட்டுத்தறியில் கட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போனால் அங்கே முதல் பாடம் முடிந்திருக்கும். வாத்தியார் வெளியே நிற்கச் சொல்வார். வெளியே நிற்பதற்கு எதற்குப் போக வேண்டும் என்று நின்றுவிட்டேன். அண்ணனும் போ என்று சொல்லவில்லை.

பந்தயத்தன்று மாட்டை லாரியிலிருந்து இறக்கியதும் பூட்டிவிட மாட்டார்கள். ரோட்டோரமாக நடக்க விட வேண்டும். உடம்பு இளகி, மூச்சு ஒரு நிதானத்துக்கு வந்து, கழுத்துக்கு அடியில் கையை வைத்தால் கதகதப்புத் தெரிய வேண்டும். அப்புறம்தான் நுகத்தடி. ஒரு தடவை நான் நடை விட்டுக் கூட்டிவரும்போது டீக்கடை ஓரமாக மாட்டை நிறுத்திவிட்டு வடை தின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து அறை விழுந்தது. அண்ணன்.

"ஆற விட்டுட்டியேடா. நின்ன மாட்டப் பூட்டுனா நரம்பு இழுத்துக்கிறும்டா, மூதேவி. நாளைக்கு நொண்டுச்சுன்னா நீயா வண்டி இழுப்ப?"

அந்த அறைக்காக எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. அவர் சொன்னது சரி. அதனால்தான் இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

போன ஆடி மாதம், இங்கே பள்ளிக் கோடை விடுமுறை, ஊருக்குப் போனோம். தேனு கால் தேறி ஓடத் தொடங்கியிருந்த நேரம். பயிற்சி விட்டுப் போகக் கூடாதென்று சக்கரக் காலணியையும் எடுத்து வந்திருந்தாள். விடிந்ததும் வீட்டுக்கு எதிரே புது ரோட்டில் ஓடுவாள். அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் காலையில் காபி குடிக்கும்போது சொன்னார்:

"தம்பி, காரைக்குடியில பிள்ளைகளுக்கு ஸ்கேட்டிங் போட்டி வச்சிருக்கோம். நானும் கமிட்டியில இருக்கேன். பாப்பா பேரையும் கொடுத்துட்டேன்."

"அண்ணே, அவளுக்கு இப்பத்தான் கால் தேறியிருக்கு."

"தேறிருச்சுல்ல. அப்புறம் என்ன. நம்ம பிள்ள என்னன்னு ஊருக்குத் தெரிய வேணாமா?"

பெயர் கொடுப்பதும் லேசில் முடியவில்லை. ஆதார் அட்டை கேட்டார்கள், அவளுக்கு இல்லை. உள்ளூர்ப் பள்ளிச் சான்றிதழ் கேட்டார்கள், அதுவும் இல்லை. பாஸ்போர்ட்டைக் காட்டினால் மேசைக்குப் பின்னால் இருந்தவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை என்றார். கனடாவில் என் பெயர் எந்தக் கட்டத்திலும் அடங்காது. ஊரில் அவள் அடங்கவில்லை. அண்ணன் வந்து, "எழுதுப்பா, நம்ம பிள்ளதான்" என்றதும் எழுதிவிட்டார்.

மறுநாளே பிளெக்ஸ் பேனர் வந்துவிட்டது. நடுவில் சிறப்பு விருந்தினர், ஓரத்தில் கை கூப்பிய அண்ணன், கீழே கனடா கொடியோடு தேனு. அவள் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, நான் ஜெயிக்கணுமா?" என்று கேட்டாள்.

"நீ ஓடுனாப் போதும். நம்ம ஒப்பந்தம் இருக்குல்ல" என்றேன்.

4

போட்டி காலை வெயில் ஏறுமுன் என்றார்கள். நாங்கள் அதற்கும் முன்னால் போய்விட்டோம். தேனு மைதானத்தின் ஓரமாக ஓடத் தொடங்கினாள். பிறகு வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு காலை வீசினாள். நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். மதினியும், அதாவது அண்ணன் மனைவியும், கூட வந்திருந்தார்.

"என்ன கொழுந்தனாரே, பாப்பா மரத்த ஒதைக்கிது?"

"உடம்பச் சூடு பண்றா, மதினி."

"இந்த வெயில்ல முட்டையை வெளிய வச்சா அவிஞ்சிரும். இதுக்கு மேல என்ன சூடு?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வெயில் தோலைச் சுடும், தசையை ஓட வைக்காது என்று விளக்கலாம். யாரிடம் போய் விளக்க.

தேனு எல்லாவற்றையும் முறையாக முடித்து, கன்னம் சிவந்து, தயாராக வந்து நின்றாள். விருந்தினர் வரவில்லை. பிள்ளைகளை எல்லாம் காலணியை மாட்டச் சொல்லி வரிசையில் நிறுத்திவிட்டார்கள். விருந்தினர் வரும்போது அணிவகுத்து நிற்க வேண்டுமாம். தேனு காலணியை மாட்டாமல் வரிசைக்குப் பின்னால் மெதுவாகக் குதித்துக்கொண்டிருந்தாள். மைக்கில் ஒருவர், "அந்தக் கனடாப் பாப்பா, ஆடாம அசையாம நில்லும்மா, போட்டோ எடுக்கணும்" என்றார். அவளும் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். இந்தா வந்துட்டாக, பிள்ளையார்பட்டி தாண்டிட்டாக என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வெயில் உச்சிக்கு ஏறியது. சின்னப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவழியாக வந்தார்கள். பொன்னாடை. பிறகு ஒருவர் ஒருவராகப் பேச்சு. அண்ணனும் பேசினார். கடல் தாண்டிப் போனாலும் ரத்தம் மாறாது என்றார். கை தட்டினார்கள்.

பேச்சு முடிந்ததும், விருந்தினருக்கு அவசர வேலை இருக்கிறது, உடனே கொடியசைக்கப் போகிறார் என்று அறிவித்தார்கள். தேனு என்னைப் பார்த்தாள். தொடையின் உள்பக்கத்தில் கையை வைத்திருந்தாள்.

"அப்பா, ஆறிப்போச்சு."

நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, ஒரு பத்து நிமிசம் கொடுக்கச் சொல்லுங்க. பிள்ள மறுபடி கொஞ்சம் ஓடிட்டு வந்துரட்டும். எல்லாப் பிள்ளைகளுமே நின்னு கெடக்குதுக."

"பத்து நிமிசமா? அவுக கொடியக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறாக. நீ என்னடா."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசிப் பழக்கமில்லாதவன் நான்.

"அண்ணே, உங்க மாட்ட இப்புடி நிக்க வச்சுப் பூட்டுவீகளா?"

அவர் முகம் கறுத்தது. சுற்றி நின்றவர்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு என் காதருகே வந்து, "மாடு நான் காசு போட்டு வாங்குனது. கூட்டத்துல வந்து மானத்த வாங்காத. போயி உக்காரு" என்றார்.

நான் தேனுவிடம் திரும்பி வந்து, "கழட்டும்மா, போகலாம்" என்றேன். அவள் பேனரைப் பார்த்தாள். பெரியப்பாவைப் பார்த்தாள். எங்கள் பேச்சு அவள் காதில் விழுந்திருந்தாலும் அந்த வேகத் தமிழ் அவளுக்குப் பிடிபடாது.

"வேண்டாம்ப்பா. அவங்களுக்குத் தெரியல. நான் பாத்துக்கறேன்."

கொடி விழுந்தது. மற்ற பிள்ளைகள் பாய்ந்து போனார்கள். தேனு கடைசியில், நடைக்குப் போகிறவளைப் போல, நீள நீளமாகக் காலை வைத்து மெதுவாகப் போனாள். முதல் சுற்றில் எல்லாருக்கும் பின்னால். இரண்டாவதிலும் அப்படியே. அந்தப் பந்தயத்தையே அவள் உடம்பைச் சூடாக்கும் ஓட்டமாக எடுத்துக்கொண்டாள் என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் புரிந்தது. "கனடாவுக்குப் பெட்ரோல் தீந்துபோச்சு" என்று எவனோ கத்தினான். அதற்கும் கை தட்டினார்கள். அவள் ஆகக் கடைசியாக வந்தாள். முதலாவதாக வந்த பிள்ளை, காரைக்குடிப் பிள்ளை, பதக்கம் வாங்க மேடைக்கு நொண்டிக்கொண்டுதான் ஏறினாள். அவள் அம்மா கீழே நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

விருந்தினர் போய், நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிய பிறகு, தேனு திரும்பக் களத்துக்குள் போனாள். இப்போது உடம்பு இளகியிருந்தது. தாழக் குனிந்து, ஒரு கையை முதுகில் கட்டிக்கொண்டு, இரண்டு சுற்று போனாள் பாருங்கள். சக்கரச் சத்தம் கேட்டு நாற்காலிக்காரர்கள் நிமிர்ந்தார்கள். அண்ணன் வாசலில் விருந்தினரின் கார் போன திசையைப் பார்த்தபடி நின்றிருந்தார். திரும்பவில்லை.

5

வீடு திரும்பக் காரில் ஏறினோம். பாதி வழியில் அண்ணன் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்: "ஓட விருப்பமில்லன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம். எம் பேர வச்சு வெளாண்டுட்டா."

மதினி, "வெளிநாட்டுல செல்லங் கொடுத்து வளக்குறாக, நம்ம பேச்சுக்கு எங்குட்டு கட்டுப்படும்" என்றார். செல்வி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தேனு அந்தச் சொற்களில் பாதி புரிந்தவளாக, என்னிடம் அர்த்தம் கேட்காமல் உட்கார்ந்திருந்தாள். கேட்காததே எனக்கு நிம்மதியாக இருந்தது.

மீதி நாட்களில் அவள் கொட்டகையே கதி என்று கிடந்தாள். மாடுகளுக்குப் பேரீச்சம்பழம் ஊட்டினாள். கறுப்பு மாட்டுக்கு அவளாக ஒரு பெயரும் வைத்தாள். அண்ணன் அவளோடு பேசவில்லை. விமானம் ஏற்ற வரவும் இல்லை. கடையில் லோடு வருகிறது என்று சொல்லியனுப்பினார்.

6

இந்தத் தை மாதம், போன சனிக்கிழமை, தேனுவுக்கு மாகாணத் தேர்வு. காலையிலேயே கிளம்பி, அரங்கத்தின் வாசலில் காரை நிறுத்தினோம். அப்போது அண்ணன் மகன் ஒரு வீடியோ அனுப்பினான். ஊரில் பொங்கல் பந்தயம். எங்கள் ஜோடி ஓடுகிறது என்று எழுதியிருந்தான்.

"கறுப்பன் ஓடறானா? காட்டுப்பா" என்று தேனு போனை வாங்கிக்கொண்டாள்.

ஓட்டம் இல்லை அதில். ஓட்டத்துக்கு முந்தைய காட்சி. மேடையில் சிறப்பு விருந்தினர், கையில் கொடி. மைக்கில், மாட்டுக்காரர்கள் உடனே வரவும் என்று அழைப்பு. அண்ணன் ரோட்டோரமாக மாடுகளை நடக்க விட்டுக்கொண்டிருக்கிறார். குனிந்து கறுப்பு மாட்டின் கழுத்துக்கு அடியில் கையை வைத்துப் பார்க்கிறார். கமிட்டி ஆள் ஒருவர் ஓடிவந்து ஏதோ சொல்கிறார். அண்ணன் நிமிராமலே பேசுவது தெளிவாகக் கேட்கிறது:

"மாட்டுக்கு இன்னும் ஒடம்பு சூடாகல. அவுகள இருக்கச் சொல்லுங்க."

தேனு வீடியோவைத் திரும்ப ஒரு தடவை ஓட விட்டாள்.

"கெஸ்டை வெயிட் பண்ணச் சொல்றாரா?"

"ஆமா."

"மாடு சூடாகலைன்னா?"

"ஆமாம்மா."

கண்ணாடியில் பனி விழுந்து கரைந்துகொண்டிருந்தது. அவள் போனை என் கையில் கவிழ்த்து வைத்தாள்.

"அப்ப அவருக்குத் தெரியும்."

நான் போனைச் சட்டைப்பையில் போட்டேன்.

"தெரியாதுன்னு நினைச்சேன்ப்பா. தெரியாதவங்க மேல என்ன கோவம்னு விட்டுட்டேன்."

பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். நான் பின்னால் போனேன். நடைபாதையில் அவள் ஓடினாள், சுவரைப் பிடித்துக் காலை வீசினாள், தாவினாள், பாய்ந்தாள். கோட்டைக் கடைசி அழைப்பு வரை கழற்றவில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்து என் முட்டியைப் பிடித்துக்கொண்டேன். கால் தாங்கியது. இரண்டாவதாக வந்தாள். அணியில் எடுத்துவிட்டார்கள்.

"ஊருக்குச் சொல்லிருங்க, பெரியவுக சந்தோசப்படுவாக" என்றாள் செல்வி. தேனு காலை நீட்டி உட்கார்ந்து தசையை இழுத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "கேட்டா சொல்லுங்க" என்றாள்.

அன்றே அண்ணன் மாடுகள் முதலாவதாக வந்த படம் வந்தது. கழுத்தில் மாலை, பக்கத்தில் அண்ணன். வாழ்த்துச் சொல்லி அனுப்பினேன். கை கூப்பிய பொம்மை ஒன்று பதிலாக வந்தது. அதற்குக் கீழே ஏதாவது எழுதுவார் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.